கிளை மேலாளர் பதவிக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை? டெல்டா நிறுவனங்களின் நடைமுறை பற்றிய விவாதம்

குடந்தை நிர்வாகி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் பணியாளர் நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் எங்களுக்குக் கிளைகள் இருக்கின்றன. கவுண்டரில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களிலும் கணக்கு எழுதுபவர்களிலும் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் வணிகவியலில் முதுகலை முடித்தவர்கள். ஆனால் கிளை மேலாளர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இது ஏன் என்று இயக்குநர் குழு இவ்வாண்டு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறது.

மேலாளர் பணிக்குப் பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அது பொய்யும் ஆகாது. எங்கள் விதிமுறையிலும் பெண்களைத் தடுக்கும் வாசகம் எதுவும் கிடையாது. பட்டப்படிப்பு, ஐந்தாண்டுப் பணி, கிளைப் பொறுப்பிலோ களவசூலிலோ பெற்ற அனுபவம் ஆகிய மூன்றும் இருந்தால் யாரும் விண்ணப்பிக்கலாம். இந்த நிலையில் இடஒதுக்கீடு ஒன்றுதான் வழியா, அல்லது அலுவலகத்தின் அன்றாட நடைமுறையிலேயே மாற்றக்கூடியவை இருக்கின்றனவா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடவாற்றங்கரை

நான் தஞ்சாவூரைச் சேர்ந்தவள். பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து முதுநிலை மேலாளராக ஓய்வு பெற்றேன். உங்கள் மூன்றாவது தகுதியை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள், ஐயா. பட்டத்தைப் பெண் தானே படித்துப் பெறுகிறாள். ஐந்தாண்டுப் பணியையும் தானே முடிக்கிறாள். ஆனால் கிளைப் பொறுப்பு அனுபவத்தை அவளாகத் தேடிக்கொள்ள இயலாது. மேலே இருக்கும் ஒருவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

நகைக்கடன் கிளை நடக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடமும் மற்றொன்று காசாளரிடமும் இருக்கும். மேலாளர் விடுப்பில் போகும் நாளில் அவருடைய சாவி யார் கைக்குப் போகிறது, ஏல அறிவிப்பில் யார் கையொப்பமிடுகிறார், தணிக்கையாளர் வந்தால் யார் எதிரே அமர்ந்து பதில் சொல்கிறார் என்பதையெல்லாம் பொறுப்புப் பதிவேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் கிளைகளில் அந்தப் பதிவேடு இருந்தால் கடந்த சில ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பதிவேடே இல்லாமல் எல்லாம் வாய்ச்சொல்லிலேயே நடந்திருந்தால், உங்கள் இயக்குநர் குழுவுக்குரிய பதிலில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

பொதுத்துறை வங்கிகளில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே பதவி உயர்வுக்கு அறிவிக்கை வரும், தகுதியுள்ளவர்களின் பட்டியல் வரும், தேர்வும் நேர்காணலும் இருக்கும். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதாவது ஒரு பெண்ணுக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டில் ரஞ்சனா குமார் இந்தியன் வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, பொதுத்துறை வங்கி ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண் அவர்தான். வங்கியோ அப்போது பெரும் நட்டத்தில் இருந்தது. 2013இல் அருந்ததி பட்டாச்சார்யா பாரத ஸ்டேட் வங்கியின் தலைவரானார். குழந்தை வளர்ப்புக்காகவோ பெரியவர்களைப் பராமரிப்பதற்காகவோ பெண் ஊழியர்கள் இரண்டாண்டு வரை பணியிலிருந்து விலகியிருந்துவிட்டுத் திரும்பி வரும் ஏற்பாடு அவர் காலத்தில்தான் அங்கே வந்தது. வேலையை விடுவதா, வீட்டை விடுவதா என்று கேட்காத அந்த ஏற்பாட்டால் நல்ல அதிகாரிகள் பலர் நிறுவனத்திலேயே தங்குவார்கள் என்பது என் கருத்து.

மன்னை ஆலைக்காரர்

மன்னார்குடிப் பக்கத்தில் அரிசி ஆலை நடத்துகிறேன். அம்மா அவர்கள் சொல்வது வங்கிக்குப் பொருந்தும். வசூல் என்று வரும்போது நிலைமை வேறு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, கணக்கில் பணம் ஏறிய சில நாட்களுக்குள் கடன்காரரைப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் கல்யாணச் செலவுக்கும் வெளிக்கடனுக்கும் போய்விடும். களத்துமேட்டிலும் டீக்கடையிலும் நின்று பேசித்தான் ஆக வேண்டும், அதுவும் பெரும்பாலும் இருட்டிய பிறகு. குடித்துவிட்டு வந்து பேசுபவரும் உண்டு. ஒரு பெண்ணை அங்கே அனுப்பி ஏதாவது நேர்ந்தால் அவருடைய வீட்டாருக்கு யார் பதில் சொல்வது? என் ஆலையிலும் இரவில் கொதிகலன் ஓடும், லாரியில் சுமை ஏறும். மேற்பார்வையாளராகப் பெண்ணை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதைப் பாகுபாடு என்று சொல்லிவிடுவது எளிது. பொறுப்பு என் தலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாகை செவிலியர்

ஆலைக்காரர் ஐயாவின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இரவுப் பணியில் வார்டு முழுவதும் பெண்கள்தான் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் உறவினர்களையும், இறந்தவரின் உடலைச் சுற்றி நின்று சத்தம் போடும் கூட்டத்தையும் முதலில் எதிர்கொள்பவள் இருபத்து மூன்று வயதுச் செவிலிதான். அது பெண்ணுக்கு ஆபத்தான வேலை என்று எந்த நிர்வாகமும் அவளைப் பகலுக்கு மாற்றியதில்லை. குறுவை நடவுக்கு விடியற்காலை இருட்டில் வயலுக்குப் போகும் பெண்களைப் பற்றியும் அப்படி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. இரவும் வெளியூரும் மேலாளர் சம்பளத்தோடு சேர்ந்து வரும்போதுதான் பாதுகாப்பு என்ற பேச்சு எழுகிறது.

எங்கள் மருத்துவமனையில் செவிலியர் பிரிவின் தலைமை எப்போதும் பெண்ணுக்குத்தான். அதற்கு மேலே இருக்கும் நிர்வாக மேலாளர் நாற்காலிக்கு இதுவரை ஆண்கள்தான் வந்திருக்கிறார்கள். கொள்முதல், காப்பீட்டு நிறுவனங்களோடு பேச்சு, ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆகியவை எங்கள் மேசைக்கு வருவதே இல்லை. அந்த வேலை தெரியாதவர்கள் என்று பிறகு எங்களைத்தான் சொல்கிறார்கள்.

பாபநாசம் காசாளர்

நான் பேசலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் பெண்கள் விண்ணப்பிப்பதில்லை என்று குடந்தை நிர்வாகி எழுதியது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான். வேறொரு நிதி நிறுவனத்தில் எனக்கு உதவி மேலாளர் பதவி வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பணியிடம் வேதாரண்யம். என் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. மாமியாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண். பாபநாசத்திலிருந்து போய்வர இயலாது. அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு உயரும் சம்பளமோ வேதாரண்யத்தில் வீட்டு வாடகைக்குக்கூடப் போதாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இப்போது நான் செலவில்லாமல் வேலைக்குப் போய்வருகிறேன். வெளியூர் வண்டியில் ஏறினால் அந்தச் சலுகை இல்லை. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் மறுத்தேனே தவிர, மேலாளராகும் விருப்பம் இல்லாமல் அல்ல. கும்பகோணத்திலோ திருக்கருகாவூரிலோ கொடுத்திருந்தால் அன்றே சேர்ந்திருப்பேன்.

அதைவிட வருத்தம் தந்தது பிறகு நடந்ததுதான். என் கோப்பில் 'பதவி உயர்வில் விருப்பமில்லாதவர்' என்று எழுதிவிட்டார்கள். பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, மாமியாரும் குணமாகி, வீட்டில் சிரமம் குறைந்த பிறகும் அந்த வரி அழியவில்லை. அடுத்த சுற்றில் என்னிடம் கேட்கக்கூட இல்லை. என்னோடு வேலையில் சேர்ந்து ஒருமுறை மாறுதலை மறுத்த ஆண் ஊழியர் இரண்டே ஆண்டில் சொந்த ஊருக்கு அருகிலேயே மேலாளராகிவிட்டார். அவர் மறுத்தது 'குடும்பச் சூழ்நிலை' என்று பதிவாகியிருந்தது.

ஆலைக்காரர் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். களத்துமேட்டில் நிற்பவர் ஆண்தான். ஆனால் அடகில் இருக்கும் சங்கிலி அவருடைய மனைவியுடையது. சங்கிலி எப்போது மீளும் என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். மீட்டாக வேண்டும் என்ற அவசரமும் அவருக்குத்தான் அதிகம். நான் பகலில் தொலைபேசியில் பேசி, வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிக்க வைத்த கணக்குகள் நிறைய. அவையெல்லாம் வசூல் அலுவலரின் பெயரில்தான் ஏறின.

மாயூரம் வழக்குரைஞர்

சட்டத்தின் பக்கம் சில செய்திகளைச் சொல்கிறேன். பதவி உயர்வு, பயிற்சி, பணியிட மாறுதல் ஆகியவற்றில் பெண்ணைப் பாகுபடுத்தக் கூடாது என்பது புதிய செய்தியன்று. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் 1987இல் செய்யப்பட்ட திருத்தத்திலேயே அது வந்துவிட்டது. அந்தச் சட்டம் பின்னர் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. ஆனால் குடந்தை நிர்வாகியின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமானது இராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கு.

பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும், தலைமைப் பொறுப்புகளிலிருந்து அவர்களை முற்றாக விலக்கி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதை நடைமுறைப்படுத்தியபோது அவர்களுடைய பணியை மதிப்பிட்டு ஆண்டுதோறும் எழுதப்பட்ட பழைய அறிக்கைகளின் மதிப்பெண்களைக் கொண்டு தேர்வு நடந்தது. அந்த அறிக்கைகளோ, நிரந்தரப் பணி என்ற வாய்ப்பே பெண்களுக்கு இல்லாத காலத்தில், யாரும் பொருட்படுத்திப் பார்க்கப் போவதில்லை என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோலாக இருந்தாலும், ஒரு பிரிவினருக்கு மறுக்கப்பட்டிருந்த வாய்ப்பை அடிப்படையாக வைத்து அவர்களையே அளப்பது மறைமுகப் பாகுபாடு என்று 2021 மார்ச்சில் அதே நீதிமன்றம் கூறியது. உங்கள் மூன்றாவது தகுதியைப் பற்றி வடவாற்றங்கரை அம்மா எழுதியதும் இதுதான்.

இன்னொன்று. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த நிலையிலுள்ள பெண் ஊழியராக இருக்க வேண்டும். அத்தகைய பெண் அந்த அலுவலகத்தில் இல்லாவிட்டால் நிறுவனத்தின் வேறு அலுவலகத்திலிருந்து அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எந்தக் கிளையிலுமே மூத்த நிலையில் பெண் இல்லாத நிறுவனம் அந்தக் குழுவை எப்படி முறையாக அமைத்திருக்கிறது என்பதையும் உங்கள் இயக்குநர் குழு விரைவில் கேட்கக்கூடும்.

மன்னை ஆலைக்காரர்

செவிலியர் அம்மா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் ஆலையிலும் நெல் காயவைக்கும் பெண்கள் மழை வந்தால் இரவிலும் ஓடிவந்து தார்ப்பாய் போடுகிறார்கள். ஆனால் இடஒதுக்கீடு என்று தொடங்கினால் எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பணியில் 1989இல் 30 விழுக்காடு கொண்டுவந்தார்கள். 2021இல் அதை 40 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அரசால் அது முடியும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகும் எத்தனை ஊராட்சிகளில் கணவர்தான் நாற்காலியில் உட்காருகிறார் என்று நமக்குத் தெரியாதா? தகுதி வளராமல் பதவி மட்டும் கொடுத்தால் அதுதான் நடக்கும்.

வடவாற்றங்கரை

நடக்கிறது, மறுக்கவில்லை. அதே மாவட்டங்களில் முதல் ஆண்டு கணவரோடு வந்து, மூன்றாம் ஆண்டு தானே காசோலையில் கையொப்பமிட்டு, ஒன்றிய அலுவலகத்தில் தனியாக நின்று வாதாடிய தலைவிகளையும் பார்த்திருக்கிறேன். கையொப்பமிடும் அதிகாரம் முதலில் கைக்கு வந்ததால்தான் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த விவாதத்தை இப்போது வளர்க்க வேண்டாம். குடந்தை நிர்வாகி கேட்டது நாளைக்கே செய்யக்கூடியவற்றை.

எனக்குத் தோன்றுவது இது. மேலாளர் விடுப்பில் போகும்போது பொறுப்பு யாருக்கு என்பது எழுத்தாணையாக வர வேண்டும். பணிமூப்புப் பட்டியலின்படி சுழற்சியில் வர வேண்டும். நகை மதிப்பீட்டுப் பயிற்சிக்குப் பெண்களையும் அனுப்ப வேண்டும். உரைகல்லில் உரசிப் பார்க்கவும், முலாம் பூசிய வளையலை எடையைக் கொண்டே சந்தேகிக்கவும் தெரியாதவரைக் கிளைக்குத் தலைவராக வைக்க எந்த நிர்வாகமும் அஞ்சும். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அதைக் கற்றுக்கொடுக்காமல் அஞ்சிக்கொண்டே இருப்பதில்தான் நியாயம் இல்லை. மாறுதலைப் பொறுத்தவரை, நான்கு மாவட்டங்களையும் ஒரே களமாக வைக்காமல் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகை என்று வட்டங்களாகப் பிரித்து, முதல் பதவி உயர்வை அந்தந்த வட்டத்துக்குள்ளேயே கொடுக்கலாம். இது ஆண்களுக்கும் பொருந்தட்டும். பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால் அது சலுகையாகப் பேசப்பட்டு, வாங்குபவளே கூச்சப்படும் நிலை வரும்.

பாபநாசம் காசாளர்

மகப்பேறு விடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. எங்கள் இடத்தில் விடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் கடன் இலக்கை முழு ஆண்டுக்கும் வைத்துக் கணக்கிட்டதால், ஆறு மாதம் இல்லாதவர் பாதி இலக்கைத்தான் எட்டினார் என்று மதிப்பெண் இறங்கிவிட்டது. வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் இலக்கைக் கணக்கிட்டால் போதும். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

மாதாந்திரக் கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். அது மாலை ஏழு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் நடக்கும். யாரை எந்தக் கிளைக்குப் போடுவது என்ற பேச்சு கூட்டம் முடிந்து உணவகத்தில் நடக்கும். அந்த நேரத்தில் நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன்.

மாயூரம் வழக்குரைஞர்

அதே திருத்தத்தில், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் ஏற்படுத்த வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் இருக்கிறது. தனியாக நடத்த இயலாதவர்கள் பொது ஏற்பாடாகவும் செய்துகொள்ளலாம். கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவைச் சுற்றி எத்தனை துணிக்கடைகள், வங்கிகள், நிதி நிறுவனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்தால் ஒரு காப்பகத்தின் வாடகை பெரிய சுமையாக இராது.

குடந்தை நிர்வாகி

எல்லோருக்கும் நன்றி. பதிவேடுகளை வரவழைத்துப் பார்த்தேன். பெரும்பாலான கிளைகளில் பொறுப்புக்கு எழுத்தாணையே இல்லை. திருவாரூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில், மேலாளர் இல்லாத நாட்களில் நாள் கணக்கை முடித்து, பெட்டக இருப்பைச் சரிபார்த்து எழுதியிருப்பது ஒரு பெண் காசாளரின் கையெழுத்து; பொறுப்பு வகித்தவர் என்ற இடத்தில் அவருக்குப் பின் பணியில் சேர்ந்த ஓர் ஆணின் பெயர் இருக்கிறது. இதை அப்படியே இயக்குநர் குழுவின் முன் வைத்தேன்.

சுழற்சி முறையில் எழுத்தாணை, வட்டத்துக்குள் முதல் பதவி உயர்வு, மகப்பேறு ஆண்டுக்கு இலக்குக் குறைப்பு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார்கள். பதவி உயர்வை மறுத்த குறிப்பு ஓராண்டுக்குப் பின் செல்லாது என்றும், அடுத்த சுற்றில் அவரிடம் மறுபடியும் எழுத்தில் கேட்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. மாதக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு மாறுகிறது. களவசூலுக்கு இருவராகப் பகலில் போவது, தொலைபேசியில் பேசிப் புதுப்பித்த கணக்கைப் பேசியவர் பெயரிலேயே ஏற்றுவது ஆகிய இரண்டும் ஆறு மாதச் சோதனையாக இரண்டு கிளைகளில் தொடங்கும். காப்பகத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பொறுப்பு வகிக்கும் நாட்களுக்குத் தனிப்படி கேட்டேன். செலவு என்று மறுத்துவிட்டார்கள். நகை மதிப்பீட்டுப் பயிற்சிக்கு முதல் அணியில் ஆறு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பிப்பதில்லை என்று நான் எழுத இருந்தவர்களில் இருவர் அதில் இருக்கிறார்கள்.

மன்னை ஆலைக்காரர்

இருவராகப் பகலில் போவது ஆண்களுக்கும் நல்லதுதான். என் மருமகளை ஆலைக் கணக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரவு மேற்பார்வையில் என் கருத்து மாறவில்லை.

வடவாற்றங்கரை

தனிப்படியை விட்டுவிடாதீர்கள், ஐயா. அடுத்த ஆண்டும் கேளுங்கள். படி இல்லாமல் பொறுப்பை மட்டும் சுழற்சியில் கொடுத்தால், மேலாளர் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யக் கூடுதலாக ஓர் ஆள் கிடைத்தார் என்று சில கிளைகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். தொகை சிறியதாக இருந்தாலும் சம்பளச் சீட்டில் அது ஏறினால், இத்தனை நாள் பொறுப்பு வகித்தார் என்பதற்கு யாரும் மறுக்க முடியாத ஆவணமாகிவிடும்.

சுழற்சியின் முதல் முறையை எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் மழையும் பயிருமாக இருக்கும். கிளைக்கு ஆள் வரத்துக் குறைவு. பெண்களின் முறை அந்த மாதங்களில் விழுந்தால், ஆளில்லாத கிளையைத்தானே பார்த்துக்கொண்டார் என்று பிறகு சொல்வார்கள். மேட்டூர் திறந்து குறுவைச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நகை வந்து குவியும் ஆனி, ஆடியிலும், மீட்க வரிசையில் நிற்கும் தை, மாசியிலும் அவர்களுடைய முறை வருமாறு பட்டியலை இப்போதே போட்டுவிடுங்கள்.